எந்தப் புத்து என்று கேட்காதீர்கள்

கனடாவில் இருக்கும் மாமாட மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரொறன்ரோவுக்கு வெளியே ஏதோ ஒரு தோட்டம். மரமெல்லாம் சிவந்து பழுத்து நிற்க, அவளுடைய பிள்ளைகள் இரண்டும் தடித்த சட்டைக்குள் புதைந்தபடி ஆளுக்கொரு பை அப்பிளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வாசலில் காசு கட்டிவிட்டு உள்ளே போய் நாமேதான் பிடுங்க வேண்டுமாம். "காசையும் குடுத்து வேலையையும் நீங்களே செய்யிறதா?" என்று எழுதினேன். சிரிப்பு முகம் ஒன்று வந்தது. கொஞ்சம் பொறுத்து ஒரு கேள்வி: "அங்க இப்ப என்ன மச்சான் பிடுங்குறீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஐப்பசி பிறந்து சில நாள்தான். மட்டக்களப்பில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. கோடை இருக்கிறது, மாரி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இந்த மாதம் இருக்கிறது. சிறுபோக வெள்ளாமை ஆவணியோடு வெட்டி முடிந்துவிட்டது. மாரி வெள்ளாமைக்கு இப்போதுதான் உழவும் விதைப்பும். அது மூட்டையாகி வீட்டுக்கு வர தை, மாசி ஆகும். மாம்பழம், மரமுந்திரி, பாலைப்பழம் எல்லாம் எப்போதோ போய்விட்டன. பனங்கிழங்கு இன்னும் பாத்திக்குள். வேறு நாடுகளில் களஞ்சியம் நிறைகிற மாதத்தில் எங்கள் பக்கத்து வயல்காரர் வீட்டு நெல்லை அள்ளி மண்ணுக்குள் எறிந்துகொண்டிருப்பார்கள். "ஒண்டுமில்ல" என்று தட்டி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அன்றிரவு பெரியம்மாவின் அழைப்பு. படுவான்கரையில் மூன்று நாளாக இடியோடு நல்ல மழையாம். அதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல, "பூத்திட்டு மனே. வாறண்டா நாளைக்கே வா. வெயிலுக்கு முதல் வா" என்றார். என்ன பூத்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகக் கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் நாடா எழுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம். மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் படுகிற பக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன், எழுவான்கரை ஆள். அம்மா பிறந்தது படுவான்கரை. 1990இல் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தவர், அப்புறம் திரும்பிப் போய் இருக்கவில்லை. அவருடைய அக்கா, அதாவது பெரியம்மா, அசையவே இல்லை. அரசடித்தீவில் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் மகளோடு இருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். ஆகவே அங்கே அதிகாரமும் பெண்களுக்குத்தான் என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள், அதை விடுவோம்.

விடியற்காலை ஐந்துக்கு முன்னமே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனைக்குக் கிறுகினால் பாலம். 2014இல்தான் அந்தப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே ஓடியது பாதை. மற்ற ஊரில் பாதை என்றால் நடக்கிற வழி. எங்களுக்கு அது வாவியில் மிதக்கிற பெரிய தட்டு. மோட்டார் சைக்கிள், ஆடு, நெல் மூட்டை, பள்ளிக்கூட ரீச்சர்மார் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். அந்தக் காலத்தில் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் இரவு அந்தப் பக்கத்திலேயே படுக்க வேண்டியதுதான். இப்போதும் தெற்கே குருமண்வெளியில் நின்றால் பாதையில் ஏறி மண்டூருக்குப் போகலாம். பாலம் வந்து எல்லாம் சுகமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் பாதைக்குக் காத்திருந்த அரைமணி நேரத்தில்தான் எங்கே என்ன மீன் படுகிறது, யார் வீட்டில் தயிர் புளிப்பில்லாமல் இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். பாலத்தில் எதுவும் தெரியவராது. கடந்துவிடுவோம், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாலத்தின் கீழே இரண்டு தோணிகள் நின்றன. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு வலையைத் தள்ளிக்கொண்டு போனார், இறாலுக்கு. இந்தப் பக்கத்தில் இறால் என்பது சும்மா ஒரு சொல் இல்லை. மகிழடித்தீவு இறால் பண்ணை என்று யாரிடமும் சொல்லிப் பாருங்கள், 1987 தை மாதம்தான் ஞாபகம் வரும். அங்கே வேலை செய்தவர்களும் அயல் சனமும் சுட்டுக் கொல்லப்பட்ட மாதம். கொக்கட்டிச்சோலைக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். சைக்கிளின் வேகம் தானாகக் குறையும்.

கொக்கட்டிச்சோலையில் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். தேர்த்திருவிழாவின் சனம் வடிந்து வீதி வெறிச்சென்று கிடந்தது. உள்ளே இருப்பவர் தான்தோன்றீஸ்வரர், யாரும் வைக்காமல் தானாகத் தோன்றியவர். நான் போய்க்கொண்டிருந்ததும் அப்படி ஒரு காரியத்துக்குத்தான்.

பெரியம்மாவுக்கு 74 வயது. சேலையை முழங்கால் வரை ஏற்றிச் சொருகி, ஒரு கையில் ஓலைப்பெட்டி, மறுகையில் மொட்டைக் கத்தி. படலையடியில் நின்று "பிந்திட்டாய்" என்றார். நேரம் ஆறு ஆகவில்லை. தேத்தண்ணி கூடத் தரவில்லை. வரம்பால் நடந்து, ஒரு பழைய வாய்க்காலைத் தாண்டி, பற்றைக்குள் நுழைந்தோம். எந்தத் திசை என்று எழுதமாட்டேன். போகும் வழியிலேயே சத்தியம் வாங்கிவிட்டார்: "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாத. கொம்மாட்டயும்தான்."

"அம்மா என்ன பெரியம்மா, இனி இஞ்ச வந்து பிடுங்கவா போறா?"

"அவள் வரமாட்டாள். அவள்ட வாய் வரும்."

புத்து இடுப்பு உயரம்கூட இல்லை. மழையில் கரைந்து ஒரு பக்கம் சரிந்த மண்மேடு. அதன் அடியைச் சுற்றி, ஈரச் சருகை முட்டித் தள்ளிக்கொண்டு காளான். முதலில் பத்துப் பதினைந்து என்று நினைத்தேன். கண் பழகப் பழக எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. விரியாதவை முட்டை வடிவத்தில், உச்சியில் மட்டும் மண்ணிறமாக ஒரு கூர். விரியத் தொடங்கியவை அந்தக் கூரை நடுவில் வைத்துக்கொண்டு குடைபோலத் திறந்திருந்தன. நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பாதியில் முறிந்தது. பெரியம்மா என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இந்தக் காளானின் தண்டு நிலமட்டத்தோடு முடிவதில்லை. வெள்ளையாக, விரல் மொத்தத்தில், மெலிந்துகொண்டே கீழே கீழே போகும். பக்கத்து மண்ணைக் கத்தி நுனியால் இளக்கி, தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருக வேண்டும். சரியான இடத்தில் திருகினால் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் முழங்கை நீள வால் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வரும். அதுதான் தித்திப்பான பகுதி. முறிந்தால் பாதிக் கறி மண்ணுக்குள்.

வால் எங்கே போகிறது என்றால், கறையான் வீட்டுக்குள். கறையான் தின்று, செரியாமல் கழித்த மரத்தூளைத் தேன்வதை மாதிரிக் கூடாகக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சணத்தை வளர்க்கிறது. மரத்தைச் செரிக்கிற வேலையைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்கிறது, கறையான் அதைத் தின்று வாழ்கிறது. மாரியின் முதல் மழை இறங்கி மண் ஊறியதும் பூஞ்சணம் மேலே தலை நீட்டுகிறது. மொட்டுக் காளான், சிப்பிக் காளான் எல்லாவற்றையும் கொட்டிலுக்குள் வளர்க்கப் பழகிவிட்ட மனிதருக்கு இதை மட்டும் அப்படி வளர்க்க முடியவில்லை, கறையான் இல்லாமல் காரியம் நடக்காது. வீட்டு முகட்டை அரிக்கிறது என்று நாம் மருந்தடிக்கிற அதே சாதிதான். ஐப்பசியில் நாங்கள் பொறுக்குவது யாரும் விதைக்காதது என்று எழுதத்தான் இந்தக் கட்டுரையை மனதில் தொடங்கினேன். புத்தடியில் குந்தியிருந்தபோது அது பிழை என்று பட்டது. ஆள் இருக்கிறது, நமக்குத்தான் கண்ணில் படவில்லை.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "இடி இடிச்சாத்தான் பூக்கும். கறையானுக்கு என்ன தெரியும்?" என்றார். விவாதிக்கவில்லை.

விரிந்து முடிந்த ஏழெட்டைத் தொடாமல் விட்டார். "அது வித்துக்கு." திரும்பும்போது பத்தடி தள்ளி ஒரு உக்கிய மரக்கட்டையில் இன்னும் வெள்ளையாக, இன்னும் அழகாக ஒரு கூட்டம் நின்றது. பெரியம்மா அதைப் பார்த்த மாதிரிக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நஞ்சுக் காளானோடு உள்ளியைப் போட்டு அவித்தால் உள்ளி கறுக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து அதை நம்பாதீர்கள், உள்ளி ஒன்றையும் காட்டித்தராது. பெரியம்மாவிடம் இருக்கும் ஒரே சோதனை, தன் தாய் பிடுங்கியதைத்தான் தானும் பிடுங்குவது. தாய் பிடுங்காதது அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத ஒன்று.

கீரை பிடுங்கியது வீடு திரும்பும் வழியில். வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்காணி, நீர் தேங்கும் பள்ளத்தில் வல்லாரை, வேலியில் மழை கண்டு புதுக்கொழுந்து விட்ட முசுட்டை. எல்லா இடத்திலும் கை வைக்கவில்லை. மருந்தடித்த வயல் வரம்பை அவர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுகிறார். புல் மஞ்சளாக ஒரே சீராகக் கருகியிருந்தால் அந்த வரம்பில் அந்த மாரிக்கே கீரை இல்லை. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்கக்கூடாது என்று ஒரே நாளில் நிறுத்தியதே, அந்தப் போகத்தில் மருமகனுக்கு வெள்ளாமை பாதிக்குப் பாதிதான் கிடைத்தது. வீடே சோர்ந்து கிடந்தது. பெரியம்மா மட்டும் அதை வேறுமாதிரி நினைவு வைத்திருக்கிறார்: "அந்த வருசம் கீரை வந்துது பார், சொல்லி வேலையில்ல." மருமகன் காதில் விழாமல்தான் சொன்னார்.

பத்து மணிக்குப் பேரனோடு குளத்துக்குப் போனேன். அவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கள்ளம் போட்டிருந்தான், நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்று நாள் மழைக்குக் குளம் நிரம்பிவிடவில்லை. நடுவில் முழங்காலளவு தண்ணீர், சுற்றிவரச் சேறு, சேற்றில் வாடிக் கிடக்கும் அல்லிக் கொடிகள். அதன் அடியில்தான் ஒல்லிக்கிழங்கு. குளம் வற்றியிருக்கும்போதுதான் எடுக்கலாம். இன்னும் இரண்டு பெருமழை பெய்தால் அடுத்த கோடை வரைக்கும் கதவு சாத்தியாயிற்று.

கையால் தேடுவதில்லை, காலால்தான். கொடி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் பெருவிரலை விட்டுத் துழாவினால் உருண்டையாக ஒன்று தட்டுப்படும். நெம்பிவிட்டால் மேலே வரும்: கறுத்து, மயிரடர்ந்து, பார்க்க ஒரு அழகும் இல்லை. பொடியன் ஒரு நிமிடத்துக்கு ஒன்று எடுத்தான். எனக்கு மூன்றாவது கிழங்கில் தொடை வரைக்கும் புதைந்துவிட்டது. காலை இழுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த கைபேசி முன்னுக்குச் சரிந்து சேற்றுக்குள் போனது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு பேரும் துழாவி எடுத்தோம். திரை ஒருமுறை நீலமாக மின்னி அணைந்தது. காலையிலிருந்து எடுத்த படமெல்லாம் அதற்குள். மச்சாளுக்கு அனுப்ப என்னிடம் இப்போது படம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இத்தனை எழுத்து.

ஒல்லிக்கிழங்கை அவித்து, தோலை உரித்து, உப்போடும் தேங்காய்ப்பூவோடும் தின்பார்கள். மாப்பிடிப்பாக, அடிநாக்கில் ஒரு சின்னக் கசப்போடு இருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வெட்கப்படுவோம். வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில் ரவுனிலிருந்து ஆட்கள் தேடி வந்து கேட்டார்களாம். இப்போது அதையே 'பாரம்பரிய உணவு' என்று பேர் சொல்லி விற்கிறார்கள். விற்கட்டும், சேற்றில் இறங்குகிறவனுக்கு நாலு காசு வந்தால் நல்லதுதான். ஆனால் பெரியம்மாவுக்கு இன்னும் அது பஞ்சத்துச் சாப்பாடுதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சட்டியை மூடிவைப்பார்.

வரும் வழியில் வாய்க்காலில் பொடியன்மார் ஐந்தாறு பேர் கரப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடியும் நுனியும் திறந்த கூடை அது. தண்ணீரில் அமுக்கி, மேல்வாயால் கையை விட்டுத் துழாவுவது. மழைத்தண்ணீர் வயலிலிருந்து குளத்துக்கு இறங்க, குளத்து மீன் அதற்கு எதிராக வயலுக்கு ஏறும். விரால், கெளுத்தி, பனையேறி. பனையேறி ஒன்று வாய்க்காலைவிட்டு வரம்பில் ஏறி, செவிளை விரித்து ஊன்றி ஊன்றி, புல்லுக்குள் நடந்துகொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தேன். காற்றை மூச்சாக எடுக்கிற சாதி அது. ஈரம் இருந்தால் நெடுநேரம் தரையில் தாக்குப்பிடிக்கும். பொடியன் அதைத் தூக்கி உமலுக்குள், மீன் போடுகிற ஓலைப்பைக்குள், போட்டான். கொஞ்சத் தூரம் போயிருந்தால் பக்கத்து வயல் வரவைக்குத் தப்பியிருக்கும்.

மத்தியானம் சாப்பாடு பற்றி நீட்டி எழுதலாம், ஆனால் வயிறு நிறைந்தவன் எழுதும் சாப்பாட்டு வர்ணனை எனக்குப் பிடிப்பதில்லை. சிவப்பரிசிச் சோறு, விரால் மீன் ஆணம், பொன்னாங்காணிச் சுண்டல், வல்லாரைச் சம்பல். காளானைப் பெரியம்மா மண் போக அலசி, கையாலேயே கிழித்து, பச்சை மிளகாய், வெங்காயம், கொஞ்சம் மஞ்சளோடு சட்டியில் போட்டு, தண்ணீர் விடாமல் மூடினார். காளான் தன் தண்ணீரைத் தானே விட்டது. மறுகா தேங்காய்ப்பால், ஒரு கொதி, இறக்கிவிட்டார். கோழி இறைச்சி மாதிரி என்று ஆட்கள் சொல்வார்கள். நான் சொல்வேன், கோழி இறைச்சிக்கு அப்படி ஒரு மண்வாசம் எங்கே?

நாலு மணிக்கு முன் கிளம்பிவிடு என்று மருமகன் சொன்னார். காட்டுப்பக்கம் யானை இறங்கத் தொடங்கியிருக்கிறது. தாந்தாமலைப் பக்கத்துச் சனத்துக்கு வருசம் முழுக்க இந்தப் பயம்தான். வழியில் மாட்டுப் பட்டி ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு போனது. விதைப்புத் தொடங்கினால் மாடுகள் வயலோரம் நிற்க முடியாது, மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். வடக்கே மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் அந்தத் தரைதான் பிரச்சினை. அங்கே அத்துமீறிப் பயிர் செய்வதை நிறுத்தச் சொல்லி 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். தரை சுருங்கினால் மாடு மெலியும், பால் குறையும். மட்டக்களப்புத் தயிர் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோமே, அது சட்டியில் தொடங்குவதில்லை.

சட்டித் தயிர் ஒன்று வாங்கினேன், எருமைப் பால். மண்சட்டி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுவதால் கரண்டி குத்தினால் நிற்கும். கயிற்றுப் பிடியோடு கைபிடியில் தொங்கவிட்டுக்கொண்டு பாலத்தில் ஏறும்போது மழை பிடித்தது. ஒரு கை சைக்கிளில், ஒரு கை சட்டியில். கடவுளே என்று வீடு வந்து சேர்ந்தேன். தயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா குசினியில் இருந்தார். தாமரை இலையில் சுற்றிப் பெரியம்மா தந்துவிட்ட பொதியைப் பிரித்தார். ஒரு காளானைத் தூக்கி, வாலின் நுனி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எந்தப் புத்து?"

"தெரியாம்மா. பெரியம்மாதான் பிடுங்கித் தந்தா."

"பழைய வாய்க்காலுக்கு அங்கால, சரிஞ்ச புத்தா? இல்ல கொக்கட்டி மரத்தடிப் புத்தா?"

நான் சேறு பிடித்த கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"சரிஞ்சதுதான்" என்றார். "கொக்கட்டி மரத்தடியில நான்தான் பிடுங்குறது. அத அவளுக்குக் காட்டயில்ல."

தேங்காயைத் துருவச் சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டார்.